எந்த வீட்டு மரம்

எதிர்வீட்டு அண்ணாச்சி யார் முகத்தையும் பார்த்துப் பேச மாட்டார். வாசலில் நின்று பேசினால் நம் வீட்டு நிலைக்கதவைப் பார்ப்பார். உள்ளே வந்து உட்கார்ந்தால் நாற்காலியின் கைப்பிடியைப் பார்ப்பார். காபி கொடுத்தால் டம்ளரை ஸ்டூலில் வைத்துவிட்டு, விரலை மடக்கி ஸ்டூலின் காலை இரண்டு தட்டுத் தட்டிப் பார்த்த பிறகுதான் குடிப்பார். கல்யாணமாகி ராஜபாளையத்துக்கு வந்த புதிதில் அவருக்குக் கண்ணில்தான் ஏதோ கோளாறு என்று நினைத்தேன். கொஞ்ச நாளில் கோளாறு கண்ணில் இல்லை, ஆளிடம்தான் என்று தோன்ற ஆரம்பித்தது.

எனக்குச் சந்தேகம் கூடவே பிறந்தது. பால் ஊற்றும்போது நுரையைப் பார்ப்பேன், தைக்கக் கொடுக்கும் துணியை நனைத்துச் சாயம் பார்ப்பேன். என் வீட்டுக்காரர் மோட்டாருக்குக் கம்பி சுற்றிக் காயில் கட்டுகிறவர். யார் எதைச் சொன்னாலும் அப்படியே நம்பிவிடுவார். அவர் பங்குச் சந்தேகத்தையும் நான்தான் சேர்த்துப் பட வேண்டியிருந்தது.

அண்ணாச்சி ஏதோ ஒரு நூல் மில்லில் மெயின்டனன்ஸ் பார்த்து ஓய்வு பெற்றவர். மனைவி இறந்துவிட்டார். மகன் பெங்களூரில். மகன் கார் வாங்கியதும் ஊருக்கு வந்தால் நிறுத்த இடம் வேண்டுமே என்று வீட்டை ஒட்டி ஷெட் போட்டார். அந்த ஷெட்டுக்குள் கார் போனதை நான் பார்த்ததே இல்லை. முழுக்கப் பலகையும் சட்டமும் மரத்தூளும்தான். பொங்கலுக்கு மகன் வந்தால் கார் தெருவில் வேப்பமரத்தடியில் நின்று காக்காய் எச்சம் வாங்கும். மகன் முணுமுணுப்பான். அண்ணாச்சி வேப்பமரத்தைப் பார்ப்பார்.

என் தையல் மெஷின் ஜன்னலோரம் கிடந்தது. ஜன்னலுக்கு நேர் எதிரே ஷெட். அதனால் அவர் செய்கிற எதுவும் எனக்குத் தப்பாது. காலையில் பெயிண்ட் வாளியைக் கவிழ்த்து அதன் மேல் போனைச் சாய்த்து வைப்பார். அப்புறம் இழைக்க ஆரம்பிப்பார். உளி எங்காவது முரண்டு பிடித்தால் "ரா... ரா..." என்று மரத்தைக் கெஞ்சுவார். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர். மனுஷரிடம் பேசாத செல்லம் எல்லாம் மரத்திடம் பேசுவார்.

அவருடைய யூடியூப் சேனலைப் பார்க்க ஆயிரக்கணக்கில் ஆட்கள் இருந்தார்கள். மலேசியாவிலிருந்தும் சார்ஜாவிலிருந்தும் எழுதுவார்கள். வீடியோவில் அவருடைய இரண்டு கைகள் மட்டும்தான் தெரியும். முகத்தைக் காட்ட மாட்டார். மணை, ஸ்டூல், சப்பாத்திக் கட்டை, அலமாரி, பிள்ளைகளின் நடைவண்டி என்று எதையாவது செய்துகொண்டே இருப்பார். அளவு தப்பாக வெட்டிவிட்டால் அதையும் மறைக்க மாட்டார். "தப்பா அறுத்துட்டேன். என் தப்புதான், ரம்பத்து மேல ஒண்ணும் இல்ல" என்று சொல்லி, வீணான துண்டைக் காட்டிவிட்டு மறுபடி அறுப்பார். பொய் என்பது அவர் வாயில் வராது. பக்கத்து வீட்டுக் கோமதி அக்கா தன் மகன் வாங்கிய புது டைனிங் டேபிளை ஆசையாகக் காட்டியபோது, "தூள் பலகைம்மா. தண்ணி படாம வச்சுக்கோங்க, ஒரு வருசம் தாங்கும்" என்று சொல்லிவிட்டு வந்தவர். அக்கா அதற்கப்புறம் ஒரு மாதம் அவரோடு பேசவில்லை.

வீடியோவுக்குக் கீழே யாராவது "எந்த மரம் ஐயா?" என்று கேட்டால் உடனே தேக்கு, வாகை, பூவரசு என்று பதில் போடுவார். "மரம் எங்கே வாங்கினீர்கள்?" என்று கேட்டால் பதில் வராது. கும்பிடுகிற இரண்டு கைகள்தான் வரும்.

ஒருநாள் நானே ஜன்னல் வழியாகக் கேட்டேன்.

"அண்ணாச்சி, இம்புட்டு மரம் எங்கேருந்து வருது?"

கையிலிருந்த சட்டத்தைத் தடவிக்கொண்டே சொன்னார்: "எந்த மரம்னு கேளுங்க, சொல்லுதேன். எந்த வீட்டு மரம்னு மட்டும் கேக்காதீங்க."

செய்த எதையும் அவர் விற்றதில்லை. தெருவில் வீட்டுக்கு ஒன்று கொடுத்துவிடுவார். இந்தக் காலத்தில் கறிவேப்பிலையே சும்மா வருவதில்லை. ஒருத்தர் தேக்கு ஸ்டூலைச் சும்மா கொடுத்தால் சந்தேகம் வராமல் என்ன செய்யும்? மலையடிவார ஊர். பிளவக்கல் காட்டுப் பக்கத்திலிருந்து திருட்டுமரம் ஏதும் வருகிறதோ என்றுகூட யோசித்தேன். ஆனால் ஷெட்டுக்கு வருவதெல்லாம் பழைய சட்டங்கள். பாலிஷ் போனது, ஆணித் துளை விழுந்தது, மூட்டைப்பூச்சி மருந்து வாசம் அடிப்பது.

ஸ்ரீவில்லிபுத்தூரில் என் பெரியப்பா தவறிப்போனபோது போயிருந்தேன். அங்கே கேட்டுக்குப் பக்கத்தில் அண்ணாச்சி நிற்கிறார். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கிட்டே போய், "பெரியப்பாவை உங்களுக்குத் தெரியுமா?" என்று கேட்டேன்.

"இல்லம்மா. தெரியாது. தெருப்பக்கமா வந்தேன், சங்கு சத்தம் கேட்டுச்சு. ஒரு மாலை வாங்கிப் போட்டேன்."

சொல்லும்போது அவர் பார்வை என் தோளைத் தாண்டிப் போயிருந்தது. திரும்பிப் பார்த்தேன். பெரியப்பாவின் கட்டிலை அப்போதுதான் வெளியே கொண்டுவந்து சுவரில் சாய்த்து வைத்துக்கொண்டிருந்தார்கள்.

எங்கள் பக்கம் உயிர் போன கட்டிலை மறுபடி வீட்டுக்குள் சேர்க்க மாட்டார்கள். வெளிச்சுவரில் சாய்த்து வைத்துவிடுவார்கள். வெயிலிலும் மழையிலும் கிடக்கும். காரியம் முடிந்ததும் யாராவது கேட்டால் கொடுத்துவிடுவார்கள். கேட்க ஆள் வராவிட்டால் வெந்நீர் அடுப்புக்குப் போகும். எந்த வீட்டுக் கட்டில் எங்கே போனது என்று யாரும் விசாரிக்க மாட்டார்கள். அது கண்ணை விட்டுப் போனால் போதும்.

அன்றைக்கு பஸ்ஸில் திரும்பி வரும்போது எங்கள் தெருவில் விழுந்த ஒவ்வொரு சாவையும் நினைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு சாவுக்கும் பிறகு ஷெட்டுக்குப் புதுச் சட்டம் வந்திருந்தது. வீட்டுக்கு வந்ததும் அவர் கொடுத்த சப்பாத்திக் கட்டையை எடுத்துப் பரணில் போட்டேன். கோமதி அக்காவிடம் மெதுவாகச் சொன்னேன்.

அவள் அசரவில்லை. "எனக்கு அப்பவே தெரியும்டி. கேட்டு உறுதிப்படுத்திக்கிட்டா பொறவு மணையை எங்க கொண்டு போடுறது? நல்ல மணை. பேசாம இரு."

தெருவில் பாதிப் பேருக்குத் தெரிந்திருந்தது. கேட்காமல் இருந்தார்கள், அவ்வளவுதான். அவரும் சொல்லாமல் இருந்தார். அந்த ஏற்பாடு இரண்டு பக்கமும் சௌகரியமாக இருந்தது.

என் மாமனார் படுக்கையில் விழுந்த பிறகு அண்ணாச்சி சாயங்காலமானால் எங்கள் வீட்டுக்கு வர ஆரம்பித்தார். கட்டில் பக்கத்தில் உட்காருவார். இரண்டு பேரும் பெரிதாகப் பேசிக்கொள்ள மாட்டார்கள். மாமனாருக்குப் பீடிப் பழக்கம். பீடியை அணைக்க எழுந்து போகச் சோம்பல்பட்டு, ஒயர் கட்டிலின் சட்டத்திலேயே அழுத்தி அணைப்பார். தலைமாட்டுச் சட்டம் முழுக்கக் கரும்புள்ளி கரும்புள்ளியாகச் சூடு விழுந்திருக்கும். அந்தப் புள்ளிகளை அண்ணாச்சி விரலால் தடவிக்கொண்டே இருப்பார். எனக்குப் பற்றிக்கொண்டு வரும்.

"அந்த ஆளை வர வேண்டாம்னு சொல்லுங்க. கட்டிலுக்கு நாள் பாக்க வாராரு" என்று என் வீட்டுக்காரரிடம் சொன்னேன்.

மாமனார் காதில் விழுந்துவிட்டது. பொக்கை வாயால் சிரித்தார். "தெரியும்ட்டி. என்னையப் பாக்கவா வாரான், கட்டிலைத்தான் பாக்க வாரான். வரட்டும். கட்டிலைப் பாக்கவாவது ஒருத்தன் வாரானே."

அவர் போனார். கட்டில் வெளியே போனது. காரியம் முடிந்த மறுநாள் அண்ணாச்சி வந்து எங்கள் வாசற்படியைப் பார்த்தபடி, "கட்டிலை எடுத்துக்கிடவா?" என்றார். என் வீட்டுக்காரர் தானே ஒரு பக்கம் பிடித்துத் தூக்கிக் கொடுத்துவிட்டு வந்தார்.

அதற்குப் பிறகுதான் என் மகள் உண்டானாள். அதற்கு முன்னால் இரண்டு தங்கவில்லை. இதுவும் போய்விடும் என்றே எல்லோர் முகமும் சொன்னது. அசையக் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டதால் ஸ்ரீவில்லிபுத்தூரில் அம்மா வீட்டில் படுத்தே கிடந்தேன். போனைப் பார்த்தாலே குமட்டும். ராஜபாளையத்துச் செய்தி ஒன்றே ஒன்றுதான் காதுக்கு வந்தது. எங்கள் பின்தெருவில் ஒரு பெண், என்னைவிடச் சின்னவள், பிள்ளை பெற்ற கொஞ்ச நாளில் ஜன்னி கண்டு இறந்துபோனாளாம். அதை என்னிடம் சொன்னதற்காக அம்மா சித்தியோடு சண்டை போட்டாள்.

மகள் நல்லபடியாகப் பிறந்தாள். அவளைத் தூக்கிக்கொண்டு ராஜபாளையம் திரும்பிய அன்றைக்கே அண்ணாச்சி தொட்டிலோடு வந்துவிட்டார். தாங்கியோடு கூடிய மரத்தொட்டில். தொட்டால் ஆடும், சத்தம் வராது. விளிம்பெல்லாம் கன்னத்தை வைத்துத் தேய்க்கலாம் போல அவ்வளவு வழவழப்பு. குழந்தையைப் போட்டதும் இரண்டு ஆட்டத்தில் தூங்கிவிட்டாள். "அம்மாயி தூங்கிட்டா" என்று தொட்டிலைப் பார்த்துச் சொல்லிவிட்டு அவர் போய்விட்டார். பெண்பிள்ளையை அவர் தெலுங்கில் அம்மாயி என்பார். எனக்குக் கண் நிறைந்துவிட்டது. கேட்க வேண்டியதை அந்த நேரத்தில் கேட்கவில்லை.

அப்புறம்தான் ஒன்று உறுத்தியது. சப்பாத்திக் கட்டைக்கே வீடியோ போடுகிறவர். இந்தத் தொட்டில் செய்ததைப் போடவில்லை.

ஒருநாள் குழந்தை நனைத்துவிட்டாள் என்று தொட்டிலைக் கவிழ்த்துத் துடைத்தேன். அடிப்பக்கத்துச் சட்டத்தில் வரிசையாக வட்ட வட்டமாக மர அடைப்பு. சமமான இடைவெளியில், சின்னப் பொட்டு அளவில். மேலே பாலிஷ் போட்டதால் விரலுக்குத் தெரியாது, கண்ணுக்குத் தெரியும். ஒயர் கட்டிலின் சட்டத்தில் ஒயர் கோக்க அப்படித்தான் வரிசையாகத் துளை போட்டிருப்பார்கள். துளையை அடைத்திருக்கிறார். என் பிள்ளை தூங்குவது ஏதோ ஒரு கட்டிலில்.

யாருடைய கட்டில்? வயதாகிப் போனவர்களுடையது என்றால்கூட மனதைத் தேற்றிக்கொள்ளலாம். பின்தெருப் பெண் நினைவுக்கு வந்ததும் தொட்டிலைத் தொடவே கூசியது. அவளும் ஒயர் கட்டிலில்தான் கிடந்தாளாம். கட்டில் மழையில் நனைந்துகொண்டு கிடந்து, அப்புறம் காணாமல் போனதாம். கோமதி அக்கா சொன்னாள்.

குழந்தையை எடுத்துச் சேலைத் தொட்டிலில் போட்டேன். அவள் ஒரு பொழுதுகூடத் தூங்கவில்லை. வீல் வீலென்று கத்தினாள். பால் குடிக்கவில்லை. உடம்பு கதகதவென்று இருந்தது. என் வீட்டுக்காரர் "ஒன் கிறுக்குத்தனத்துக்குப் பிள்ளையைப் போட்டு வதைக்காத" என்று முதன்முறையாகக் கத்தினார். தொட்டிலில் போட்டால் தூங்குவாள் என்று எனக்கும் தெரியும். போட்டால் என்ன ஆகுமோ என்றுதான் பயம். இரண்டு இழந்தவளுக்கு மூன்றாவதில் துணிச்சல் வராது.

சேலையை இழுத்துச் சொருகிக்கொண்டு ஷெட்டுக்குப் போனேன்.

"அண்ணாச்சி, தொட்டில் எந்த வீட்டு மரம்?"

இழைத்துக்கொண்டே சொன்னார்: "வேங்கைம்மா."

"மரத்துப் பேரு கேக்கல. வீடு கேக்குதேன்."

"அதைத்தான் நான் யாருக்கும் சொல்றதில்லையே."

"அடியில துளை அடைச்சிருக்கீங்க. கட்டில் சட்டம்னு எனக்குத் தெரிஞ்சு போச்சு. யாரு கட்டில்னு சொல்லுங்க. இல்லன்னா இன்னைக்கே ஒடச்சு வெந்நீர் அடுப்புல வச்சிருவேன்."

இழைப்புளி நின்றது. ஷெட்டில் அந்தச் சத்தம் நின்று நான் கேட்டதில்லை.

"அம்மாயி எங்க தூங்குது?"

"தூங்கல. சேலைத் தொட்டில்ல போட்டாக் கத்துதா. வேற எங்கயும் தூங்க மாட்டேங்கா."

அவர் கண்ணாடியைக் கழற்றினார். வேட்டி நுனியால் துடைத்தார். திரும்ப மாட்டிக்கொண்டு நிமிர்ந்து என் முகத்தைப் பார்த்தார். அத்தனை வருஷத்தில் அன்றைக்குத்தான் அவர் கண்ணை நேராகப் பார்த்தேன். சின்னக் கண்கள். ஒன்றில் புரை விழுந்துகொண்டிருந்தது.

"ஒங்க மாமனார் கட்டில்ம்மா" என்றார். "அவிய கட்டிலைத்தான் அறுத்துப் பண்ணினேன். போயித் தூங்க வைங்க."

எனக்கு உடம்பெல்லாம் இலகுவாகிவிட்டது. பொய்யே சொல்லாத மனுஷர். முகம் பார்த்து வேறு சொல்கிறார். வீட்டுக்கு வந்து சொன்னதும் என் வீட்டுக்காரர் தொட்டில் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து சட்டத்தைப் பிடித்துக்கொண்டார். "எங்கய்யா மடியிலதான் கெடந்திருக்கா. நீ தூக்கிட்டுப் போயி சேலையில கட்டிப் போட்டிருக்க" என்று சொல்லி அழுதார். மகளைத் தொட்டிலில் போட்டேன். கையைக் காலை விரித்துத் தூங்கினாள். பரணிலிருந்து சப்பாத்திக் கட்டையையும் எடுத்துக் கழுவினேன்.

அதற்கு அடுத்த வருஷம் அண்ணாச்சிக்கு நெஞ்சுவலி வந்தது. மதுரைக்குக் கொண்டுபோனார்கள். ஆஸ்பத்திரியிலேயே முடிந்துவிட்டது. மாலை போட நானும் போனேன். மகன் ஷெட்டைக் காலி பண்ணி, காரை உள்ளே நிறுத்திவிட்டுக் காரியத்தைப் பார்த்தான். எனக்கு ஜன்னலோரம் உட்காரவே பிடிக்கவில்லை. தைக்கும்போது அவருடைய பழைய வீடியோக்களை ஓடவிடுவேன். இழைக்கிற சத்தம் கேட்டால் போதும் என்றிருந்தது.

அப்படி ஓடிக்கொண்டிருந்த ஒன்றில் "பீடிச் சூடு" என்று அவர் குரல் கேட்டது. மெஷினை நிறுத்திவிட்டுப் போனை எடுத்தேன்.

நான் அம்மா வீட்டில் படுத்துக் கிடந்த மாதங்களில் போட்ட வீடியோ அது. மாமனாரின் கட்டில்தான். தலைமாட்டுச் சட்டத்தில் கரும்புள்ளிகள். அந்த இரண்டு கைகளும் புள்ளிகளை ஒவ்வொன்றாகத் தடவின. "நல்ல தேக்கு. பீடிச் சூடு பட்டிருக்கு. பரவால்ல, ரா... ரா... சீவினாப் போயிரும்" என்கிறார். நாலு சட்டத்தையும் பிளந்து, ஒட்டி, ஒரே பலகையாக்கி, நாலு காலையும் அதற்கே காலாக வைத்துப் படிக்கிற மேஜை ஒன்று செய்கிறார். கடைசியில் ஆலங்குளத்தில் ஒரு வீட்டில் அந்த மேஜை கிடக்கிற படம். கட்டிலில் ஒரு துண்டுகூட மிச்சமில்லை.

தேக்கு. என்னிடம் முதலில் அவர் வாயில் வந்தது வேங்கை. பொய் கலக்காமல் வந்தது அந்த ஒரு சொல்தான்.

கோபம்தான் முதலில் வந்தது. ஊருக்கெல்லாம் தூள் பலகையைத் தூள் பலகை என்று சொன்ன மனுஷர், என் பிள்ளை விஷயத்தில் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே பொய் சொல்லியிருக்கிறார். போய்ச் சண்டை போடலாம் என்றால் ஆள் இல்லை. அப்படியானால் அது யாருடைய கட்டில்? பின்தெருப் பெண்ணுடையதாக இருக்கலாம். இல்லாமலும் இருக்கலாம். அவள் வீட்டில் போய்க் கட்டில் என்ன மரம் என்று கேட்கிற தைரியம் எனக்கு இல்லை. வேங்கை என்று சொல்லிவிட்டால் நான் என்ன செய்வேன்?

என் வீட்டுக்காரரிடம் சொல்லவில்லை. வீட்டுக்கு யார் வந்தாலும் அவர் தொட்டிலைக் காட்டி, "எங்கய்யா கட்டில்" என்பார். நான் அடுப்படிக்குப் போய்விடுவேன்.

மகளுக்கு இப்போது ஐந்து வயது. தெருவை அளக்கிறாள். பெரிதாக ஒரு நோவும் வந்ததில்லை. ஆனாலும் அவளுக்குக் காய்ச்சல் என்றால் மாத்திரையை எடுப்பதற்கு முன்னால் நான் போய்த் தொட்டிலைப் பார்ப்பேன். அதில் பழைய துணி போட்டு வைத்திருக்கிறோம். சும்மா ஒரு சட்டம், அவ்வளவுதான் என்று சொல்லிக்கொள்வேன். விரல் தானாக அடியில் போய் அந்த வட்டங்களைத் தேடும்.

போன வாரம் ஸ்ரீவில்லிபுத்தூரில் கட்டிக்கொடுத்திருக்கிற என் நாத்தனார் வந்திருந்தாள். நிறைமாதம். வெகுநாள் கழித்துத் தங்கியிருக்கிறது. வாசலில் ஆட்டோ நிற்கிறது. தொட்டிலை எடுத்துக்கொண்டு போக வந்திருக்கிறாள். அண்ணனும் தங்கையும் போனில் பேசி முடித்துவிட்டார்கள். எனக்கு அன்றைக்குக் காலையில்தான் தெரியும்.

துணியெல்லாம் எடுத்துவிட்டுத் தொட்டிலைத் துடைத்து நடுவீட்டில் வைத்தேன். இல்லை, தர முடியாது என்று சொல்ல வாய் வரை வந்தது. ஏன் என்று கேட்டால் எல்லாவற்றையும் சொல்ல வேண்டும். சொன்னால் என் வீட்டுக்காரர் அந்தச் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு அழுத அழுகை என்ன ஆவது? என் மகள் அதில் தூங்கிய தூக்கம் என்ன ஆவது? இவள் இந்த வயிற்றை வைத்துக்கொண்டு ராத்திரி எப்படிக் கண் மூடுவாள்? துடைத்த சட்டத்தையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தேன்.

நாத்தனார் குனிய முடியாமல் குனிந்து விளிம்பைத் தடவினாள்.

"மதினி, தப்பா நெனைக்காதீங்க. எங்க அத்தை எதுக்கும் ஒரு வாட்டி கேட்டுட்டு எடுத்துட்டு வரச் சொன்னாவ. அந்தத் தாத்தா என்னென்ன கட்டிலெல்லாமோ எடுப்பாருன்னு அங்கயும் பேச்சு. இது அப்பா கட்டில்தான?"

நான் துணியைக் கீழே வைத்தேன். நிமிர்ந்து அவள் முகத்தைப் பார்த்தேன்.

"ஒங்கப்பா கட்டில்தான்" என்றேன். "கொண்டு போயித் தூங்க வை."